நீலக் கேட் வீடு

அத்தியாயம் 9

ஏழாவது வீட்டின் புல் பச்சையாக இருந்தது.

வம்பே அதுதான். செத்துப்போன புல்வெளியைப் பார்க்கக் கிளம்பி வந்த மூன்று பேரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் செத்தவரே வந்து கதவைத் திறந்தால் எப்படி முழிப்போமோ, அப்படி முழித்தார்கள்.

“மேடம், சந்தோஷமான சேதி,” என்றான் ரேடியோ. “உங்க புல்லு செத்துப் பிழைச்சிருக்கு. விருந்து எப்போ?”

புல்லு மேடத்துக்குச் சிரிப்பு வரவில்லை. கையிலிருந்த பட்டியலை மறுபடி பார்த்தாள். அக்காவின் முத்து முத்தான கையெழுத்து. ஏழாவது வரி: ‘நீலக் கேட் வீடு. வியாழன் காலை ஃபோன். புல் முழுக்கக் காய்ந்துவிட்டதாம். ரொம்பக் கோபம்.’

ஊரில் அவளுக்கு அதுதான் பெயர், புல்லு மேடம். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு பழைய புல்வெட்டும் மெஷினோடு ஆரம்பித்த ‘பச்சைக் கம்பளம்’ இன்றைக்கு இரண்டு வேன், நாலு மெஷின், ஐந்து ஆட்கள், நாற்பத்தோரு வீட்டுத் தோட்டம் என்று வளர்ந்திருந்தது. வெயிலில் நிற்பது அவள். அறைக்குள் உட்கார்ந்து ஃபோன் எடுப்பதும் நாள் குறிப்பதும் கோபக்காரர்களைக் குளிரவைப்பதும் அக்கா. ‘வண்டி கிளம்பிடுச்சு சார், தெரு முனையில திரும்பிட்டிருக்கு’ என்று அக்கா தேன் ஒழுகச் சொல்லும்போது, வண்டி இங்கே டயர் பஞ்சராகி நிற்கும். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். தொழில் அப்படித்தான் ஓடியது.

இரண்டு மாதமாக ஓடவில்லை. யாரோ ஒருத்தர் ஆள் இல்லாத நேரம் பார்த்து வீடு வீடாகப் போய்ப் புல்வெளிகளில் களைக்கொல்லி அடித்துக்கொண்டிருந்தார். அடித்த பத்தாம் நாள் புல் வைக்கோலாகிவிடும். ஆறு வீடுகள் போயாச்சு. இன்று மாலை ஐந்து மணிக்குக் குடியிருப்போர் சங்கம் கூடுகிறது. வழவழப்பான விளம்பரத் தாள்களோடு ஒரு பெரிய கம்பெனி அங்கே காத்திருக்கிறது. சங்கச் செயலாளர் சுற்றி வளைக்கவில்லை. “யார் செஞ்சதுன்னு சொல்லுங்க, உங்ககூட இருக்கோம். சொல்ல முடியலைன்னா எங்களை மன்னிச்சுடுங்க.”

யார் என்று அவளுக்குத் தெரியும். மேஸ்திரி. பதினொரு வருஷம் கூடவே இருந்து, மூன்று வாரம் முன்பு அவளால் துரத்தப்பட்ட ஆள். வேண்டியதெல்லாம் அதை எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒரு தாள். அதற்காகத்தான் சர்வேயரைப் பிடித்தாள்.

சர்வேயர் என்றால் நிலம் அளக்கிறவர் இல்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்துபோன குடோன்களைப் பார்த்து, தீ தானாகப் பிடித்ததா, முதலாளியே பிடித்துவைத்ததா என்று சொல்லிக்கொண்டிருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்த மூக்கு ஓய்வு பெறவில்லை. அவருக்கு உதவியாள் ரேடியோ. அணைக்கிற பொத்தான் இல்லாததால் அந்தப் பெயர்.

“மேஸ்திரிதான்னு எழுதிக் குடுங்க சார்,” என்றாள் புல்லு மேடம். காலையிலிருந்து இது நாலாவது தடவை. “கிண்ணம் ஒண்ணு போதாதா?”

கிண்ணம்தான் அவளுடைய துருப்புச் சீட்டு. பச்சைக் கம்பளத்தில் ஒரு வழக்கம் உண்டு. மருந்து அடிக்கும் முன் அந்தத் தோட்டத்தில் நாய்க்கோ பறவைக்கோ தண்ணீர் வைத்திருக்கும் கிண்ணங்களை எல்லாம் கவிழ்த்து வைக்க வேண்டும். வேறு எந்தத் தோட்டக்காரனும் இதைச் செய்வதில்லை. காய்ந்த ஆறு வீடுகளிலும் கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது.

“விஷம் வைக்க வந்தவன், வாயில்லா ஜீவன் குடிச்சிடக் கூடாதுன்னு கிண்ணத்தைக் கவுக்கறான்,” என்றான் ரேடியோ. “இவ்வளவு நல்ல கெட்டவனை நான் பார்த்ததே இல்ல.”

“அதான் எனக்கும் இடிக்குது,” என்று சொல்லிவிட்டு சர்வேயர் கேட்டைத் திறந்தார்.

கேட்டும் பச்சையாக இருந்தது.

வீட்டுக்காரம்மா ஒரு டீச்சர். காம்பஸ் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

“புகாரா? நானா? என் புல்லுக்கு என்ன குறை?”

“வியாழக்கிழமை எங்க ஆபீசுக்கு ஃபோன் பண்ணினீங்களே,” என்றாள் புல்லு மேடம்.

“பண்ணலையேம்மா. நான் கடைசியா பண்ணினது போன மாசம். புதன்கிழமை ஊர்ல இருக்க மாட்டோம், வேலை இருந்தா நீங்களே கேட்டைத் திறந்துக்கோங்கன்னு உங்க அக்காகிட்ட சொன்னேன். என்ன இனிமையாப் பேசறாங்க! அவ்வளவுதான்.”

“வீட்டுல வேற யாராவது...”

“வீட்டுல வேற இருக்கறது எங்க வீட்டுக்காரர். அவர் பசிச்சாக்கூட வாயைத் திறந்து சொல்ல மாட்டார்.”

சர்வேயர் கேட்டைத் தடவிப் பார்த்தார். “இது நீலமா இருந்ததாமே?”

“மூணு மாசம் முன்னாடி வரைக்கும். துரு ஏறிப் போச்சு. உங்க மேஸ்திரிதான் ஒரு ஞாயித்துக்கிழமை வந்து, நாள் முழுக்க உட்கார்ந்து சுரண்டி, பச்சை அடிச்சுக் குடுத்தார். புல்லுல ஒரு சொட்டு விழவிடலை. நல்ல மனுஷன். ஆமா, இப்பல்லாம் ஏன் வர்றதில்ல?”

புல்லு மேடம் பட்டியலை நாலாக மடித்தாள்.

தெருவுக்கு வந்ததும் ரேடியோ தலையைச் சொறிந்தான். “அப்புறம் ஏன் மேடம் இன்னும் நீலக் கேட் வீடுன்னு எழுதியிருக்கு?”

“எங்க நோட்டு அப்படித்தான். ஆரம்பத்துல நம்பர் தெரியாம அடையாளம் போட்டு எழுதினோம். வாத்து பொம்மை வீடு. உடைஞ்ச தபால்பெட்டி. மூணு நாய். வாத்தைத் தூக்கிப் போட்டு ஆறு வருஷம் ஆச்சு. நாங்க வாராவாரம் போறவங்க, எங்களுக்கு வீடு தெரியும். பேரு அப்படியே நின்னுடுச்சு.”

சர்வேயர் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிரே, சரியாக நேர் எதிரே, ஒரு நீலக் கேட். அதன் கம்பிகளுக்கு உள்ளே வைக்கோல் நிறத்தில் ஒரு புல்வெளி. பெரிய மெஷின் அடித்த பட்டை பட்டையான காய்ந்த தடம் இல்லை. கையால் அழுத்துகிற சின்ன பம்பால் தெளித்தது போலத் திட்டுத் திட்டாக, ஒன்றோடொன்று ஒட்டி. மற்ற ஆறு வீடுகளில் பார்த்த அதே திட்டுகள்.

“இது நம்ம வீடு இல்லையே,” என்றாள் அவள். குரல் அவளுக்கே தூரத்திலிருந்து கேட்டது.

கேட்டைத் திறக்க ரேடியோ படாத பாடு பட்டான். இழுத்தான், தள்ளினான், கெஞ்சினான்.

“தூக்கித் தள்ளணும்யா!” என்று உள்ளிருந்து ஒரு அதட்டல். “தாழ்ப்பாளைத் தூக்கி, அப்புறம் தள்ளு!”

சங்கத்தில் சேராத ஒரே ஆள் என்று ஊரில் பெயர் எடுத்தவர் அவர். தன் புல்லைத் தானே கத்தரிக்கோலால் வெட்டுகிறவர். கையில் இப்போதும் கத்தரிக்கோல் இருந்தது. வெட்டத்தான் ஒன்றும் இல்லை.

“இருபத்திரெண்டு வருஷம்! ஒவ்வொரு புல்லையும் எனக்குப் பேர் சொல்லித் தெரியும்! எவன் செஞ்சான்னு கண்டுபிடிச்சீங்களா?”

“எப்போ நடந்தது சார்?” என்றார் சர்வேயர்.

“பதினேழு நாள் ஆச்சு. புதன்கிழமை. மதியம் சாப்பிட்டுப் படுத்தா எனக்கு இடி விழுந்தாலும் தெரியாது. எழுந்து வந்து பார்த்தா நாயோட தண்ணிக் கிண்ணம் குப்புறக் கிடக்கு. பத்து நாள்ல புல்லு போச்சு. எதிர் வீட்டு டீச்சர்தான்னு நெனச்சு அன்னிலேர்ந்து குட்மார்னிங்கூடச் சொல்லல.”

“நாய் குரைக்கலையா?”

“குரைக்கணும்னா முதல்ல எழுந்திருக்கணுமே. பதினாலு வயசு.” மரத்தடியில் பழைய கால்மிதி மாதிரிக் கிடந்த ஒன்று, வாலை ஒரு தடவை மட்டும் அசைத்தது.

மூன்றரை மணி. வேனுக்குள் அனல். வேனின் இரண்டு பக்கமும் தொப்பி போட்ட புல்லு மேடத்தின் படம் சிரித்தது. உள்ளே இருந்தவள் சிரிக்கவில்லை.

“டீச்சர் வீட்டுக்கு வந்தவன் தப்பா எதிர்வீட்டுக்குள்ள போயிட்டான்,” என்றாள். “அவ்வளவுதானே சார்? மேஸ்திரிக்கு அவசரம், பதற்றம்...”

“அந்தக் கேட்டுக்குப் பச்சை அடிச்சதே அவர்தாம்மா. நாள் முழுக்க உட்கார்ந்து அடிச்ச கேட்டை மறந்துட்டு, நீலம் எங்கேன்னு தேடுவாரா?”

மூன்று வாரம் முன்பு மேஸ்திரிக்கு அவள் அனுப்பியது ஒரு குறுஞ்செய்தி. ‘நாளையிலிருந்து வர வேண்டாம்.’ ஏன் என்றுகூட எழுதவில்லை. அவர் ஃபோன் செய்தபோது எடுக்கவில்லை. பிறகு நம்பரையே அழித்துவிட்டாள்.

“அப்போ நம்ம மத்த ஆளுங்க...”

“வாராவாரம் வர்றவங்க யாருக்கும் இந்தத் தப்பு வராது. நீங்கதானே சொன்னீங்க?” சர்வேயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஒரு சின்ன உதவி. உங்க அக்காவுக்கு ஃபோன் போடுங்க. புது ஆள் ஒருத்தனை நீலக் கேட் வீட்டுக்கு அனுப்பறேன், வழி சொல்லுன்னு சொல்லி ரேடியோகிட்ட குடுங்க. ஸ்பீக்கர்ல.”

“எதுக்கு? நோட்டுல தப்பு இருக்கான்னு பாக்கவா?”

“அப்படித்தான் வெச்சுக்கோங்களேன்.”

அவள் அப்படித்தான் வைத்துக்கொண்டாள். வேறு எப்படியும் வைத்துக்கொள்ள மனசு இடம் தரவில்லை.

“சொல்லு குட்டி,” என்றது அக்காவின் குரல். பின்னால் மேசை விசிறி கடகடத்தது. “சாப்பிட்டியா? சங்கத்துக்குப் போற சட்டையை இஸ்திரி போட்டு வெச்சிருக்கேன்.”

“சாப்பிட்டேன்க்கா. புது ஆள் ஒருத்தர். நீலக் கேட் வீட்டுக்கு வழி கேக்கறார்.”

ரேடியோ தொண்டையைச் செருமிக்கொண்டான். “வணக்கம்மா. எனக்கு வடக்கு தெற்கு தெரியாது. பாப்பாவுக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க.”

அக்கா சிரித்தாள். “தண்ணி டேங்க் தாண்டி ரெண்டாவது தெரு தம்பி. உள்ள நுழைஞ்சதும் வலது கைப் பக்கம், நீலக் கேட். தாழ்ப்பாள் கொஞ்சம் முரண்டு பண்ணும், தூக்கித் தள்ளணும். நாய் ஒண்ணு இருக்கு. பயப்படாதே, வயசான நாய், எழுந்திருக்கவே எழுந்திருக்காது. அதுக்குத் தண்ணி வெச்சிருப்பாங்க. மருந்து அடிக்கறதா இருந்தா கிண்ணத்தைக் கவுத்துட்டு ஆரம்பி. என்ன?”

“சரிம்மா.”

“வெயில்ல தொப்பி போட்டுக்கோ,” என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

டீச்சர் வீட்டில் நாய் இல்லை. டீச்சர் வீடு இடது பக்கம். அதன் தாழ்ப்பாள் விரல் பட்டாலே திறந்துகொள்ளும். எல்லாவற்றுக்கும் மேல், பதினெட்டு வருஷத்தில் அக்கா இந்தத் தெருவுக்கு வந்ததே இல்லை. எந்தத் தெருவுக்கும் வந்ததில்லை. வெயில் பட்டால் தலைவலி என்பாள்.

“நோட்டுல ‘நீலக் கேட், டேங்க் தெரு’ன்னு மட்டும்தான் எழுதியிருக்கு,” என்றார் சர்வேயர் மெதுவாக. “ஆறு வீட்டுக்காரங்க பத்தாம் நாள் பதறிப்போய் ஃபோன் பண்ணினாங்க. ஏழாவது ஃபோன் வரல. பதினைஞ்சு நாள் பொறுத்துப் பார்த்துட்டு, சங்கம் கூடறதுக்குள்ள பட்டியல் நிறையட்டும்னு, வராத ஃபோனை வந்ததா எழுதிட்டாங்க. வீடு மாறிப் போனது அவங்களுக்கு இந்த நிமிஷம் வரைக்கும் தெரியாது.”

“என் குரலை வெச்சே அவளைப் பிடிச்சுட்டீங்க,” என்றாள் அவள்.

“முன்னாடியே சொல்லியிருந்தா உங்க குரல் நடுங்கியிருக்கும். மன்னிச்சுக்கோங்கம்மா.”

“அவ பல் டாக்டர்கிட்ட போறா,” என்றாள் புல்லு மேடம், யாரிடம் என்றில்லாமல். “ரெண்டு மாசமா புதன்கிழமை தவறாம.”

“முதலைக்குக்கூட அத்தனை...” என்று ஆரம்பித்த ரேடியோ, அவள் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். அவனுக்கு அணைக்கிற பொத்தான் இருந்தது.

டைல்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை. அதுதான் அலுவலகம். ஒரே ஜன்னல். அதைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். தோட்டத் தொழில் நடத்தும் இடத்தில் ஒரு தொட்டிச் செடிகூட இல்லை என்பதைப் புல்லு மேடம் இன்றைக்குத்தான் பார்த்தாள். சுவரில் வேலை விதிகள் எழுதிய அட்டை. முதல் விதி: கிண்ணங்களைக் கவிழ்த்து வை. முத்து முத்தான அதே கையெழுத்து.

சர்வேயரும் ரேடியோவும் வாசலோடு நின்றுகொண்டார்கள். நாற்காலியின் முதுகில் இஸ்திரி போட்ட சட்டை தொங்கியது.

“என்ன குட்டி, சீக்கிரமே வந்துட்டே?”

“பல் டாக்டர் எப்படியிருக்கார்க்கா?”

அக்காவின் கை நோட்டின் மேல் நின்றது. வாசலில் நின்றவர்களைப் பார்த்தாள். ரேடியோ தரையைப் பார்த்தான். புது ஆளின் குரல் யாருடையது என்று அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

“எது காட்டிக்குடுத்துச்சு?”

“நாய்.”

“நாயா?”

“அது எதிர்வீட்டு நாய்க்கா. நீ போனதே தப்பான வீடு. நம்ம நீலக் கேட்டுக்குப் பச்சை அடிச்சு மூணு மாசம் ஆச்சு.”

அக்கா சிரித்துவிட்டாள். வண்டி தெரு முனையில் திரும்புகிறது என்று சொல்லிவிட்டுச் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு இல்லை. “என்கிட்ட யாரு சொன்னா? அஞ்சு ஆளு, நீ, மேஸ்திரி, எல்லாரும் தினம் இந்தப் படியேறி வர்றீங்க. கேட்டோட கலர் மாறினதை ஒருத்தராவது என்கிட்ட சொன்னீங்களா?”

“அதுக்காகவா ஏழு தோட்டத்தைக் கொன்னே?”

“போன வருஷம் அந்தப் பெரிய கம்பெனிக்காரன் வந்தான். வாங்கிக்கறேன், ரெண்டு பேருக்கும் வேலை தர்றேன்னான். நீ வேன்கிட்டயே நிக்க வெச்சு முடியாதுன்னு அனுப்பிட்டே. அவன் வந்ததே எனக்கு மூணு நாள் கழிச்சு, ஒரு கஸ்டமர் சொல்லித்தான் தெரியும். பதினெட்டு வருஷம் குட்டி. இந்தச் சுவரைப் பாத்துக்கிட்டு. என்னை ஒரு வார்த்தை கேட்டியா?”

“நீ கேட்டிருக்கலாமே. சண்டை போட்டிருக்கலாம். என்னை ரெண்டு அறை விட்டிருக்கலாம்.”

“சொன்னேன். ரெண்டு தடவை. நீ மெஷினை ஓட்டிப் பாத்துக்கிட்டே தலையாட்டினே.” அக்கா நோட்டை மூடினாள். “நாலஞ்சு வீடு போனா நீயே அலுத்துப்போய் வித்துடுவேன்னு நெனச்சேன். புல்லுதானே, மறுபடி முளைச்சிடும்னு...” நிறுத்தினாள். பிறகு, சம்பந்தமே இல்லாமல், “அந்தத் தோட்டமெல்லாம் ரொம்ப அழகா இருந்துச்சு குட்டி. அழிக்கப் போனப்போதான் முதல் தடவை பாத்தேன்,” என்றாள்.

புல்லு மேடத்துக்கு அழுகை வரவில்லை. அழுதுவிட்டால் தேவலை போலிருந்தது. சின்ன வயதில் அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு உலகத்தை எட்டிப் பார்த்தது ஞாபகம் வந்தது. அந்த முதுகு இத்தனை நாள் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று புரியவில்லை.

“அதெல்லாம்கூட விடுக்கா. மேஸ்திரிக்கு நான் மெசேஜ் அனுப்பினப்போ நீ பக்கத்துல நின்னே. அனுப்பட்டுமான்னு கேட்டேன். நீ என்ன சொன்னே?”

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

“‘சரியாத்தான் செய்யறே’ன்னு சொன்னே.”

மேசை மேலிருந்த ஃபோன் அடித்தது. அக்காவின் கை, அவளைக் கேட்காமலே, எடுத்துவிட்டது.

“பச்சைக் கம்பளம், வணக்கம்... சொல்லுங்க செயலாளர் சார்... தங்கச்சியா? கிளம்பிட்டா சார், இதோ தெரு முனையில...”

தேன் ஒழுகியது. ஒரு துளி குறையவில்லை. புல்லு மேடம் அந்தக் குரலை முதல் முறையாகக் கேட்பது போலக் கேட்டாள். இத்தனை வருஷமாக அதைக் கேட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவள் அவள்தான்.

அக்கா அவள் கண்ணைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்தினாள். ரிசீவரை நீட்டினாள்.

“சார், நான்தான் பேசறேன்,” என்றாள் புல்லு மேடம். “இன்னும் ஆபீஸ்லதான் இருக்கேன். அஞ்சு மணிக்கு வர்றேன். யாருன்னு சொல்றேன்... இல்ல சார், மேஸ்திரி இல்ல. அவர் மேல பழி போட்டது என் தப்பு, அதையும் அங்கே வந்து சொல்றேன். ஆமா. எங்க ஆள்தான்.”

வைத்தாள். சர்வேயர் பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, எழுதாமல், மறுபடி உள்ளே வைத்துக்கொண்டார். மணி நாலே கால்.

புல்லு மேடம் தன் கைபேசியை எடுத்தாள். திரையை மேலும் கீழும் தள்ளினாள். பிறகுதான் நினைவு வந்தது.

“மேஸ்திரி நம்பர் என்ன?” என்றாள், அக்காவைப் பார்க்காமல்.

அக்கா நோட்டைத் திறக்கவில்லை. சுவரைப் பார்த்தபடி, பத்து எண்களையும் ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். தங்கை ஒவ்வொன்றாக அழுத்தினாள். இது மட்டும் உண்மையாக இருக்குமா என்ற எண்ணம் ஏழாவது எண்ணில் வந்தது. அழுத்தினாள்.

ஃபோன் மணி நாலு தடவை அடித்தது. அந்தப் பக்கம் எங்கோ ஒரு புல்வெட்டும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைத்துவிட்டு யாரோ மூச்சு வாங்குவது கேட்டது.

“ஹலோ,” என்றது மேஸ்திரியின் குரல். “யாருங்க?”

அவரும் அழித்திருந்தார்.